நூற்றெட்டு விரல் முனி

என் விரல்கள் தடித்தவை. கல்யாணத்தன்றே இது ஊரறிந்த சேதியாகிவிட்டது. குடத்துத் தண்ணீரில் மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையும் பெண்ணும் கைவிட்டுத் துழாவும் விளையாட்டில் மோதிரத்தை எடுத்தவள் நான்தான். அதை என் விரலில் போட்டுவிடுவது அவர் வேலை. மோதிரம் நடுக்கணு வரை வந்து, அதற்கு மேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டது. திருகினார். விரல் மாற்றிப் பார்த்தார். யாரோ விளக்கெண்ணெய் கொண்டுவந்தார்கள். கடைசியில் என் கையைத் தூக்கிப் பந்தலுக்கே காட்டி, இது விரலா உலக்கையா என்று கேட்டார். சிரிப்பு அடங்க வெகுநேரமாயிற்று. மோதிரம் தகரப் பெட்டிக்குள் போனது. உலக்கை என்கிற பேர் மட்டும் என்னோடு தங்கிவிட்டது.

மற்றபடி அவர் கெட்டவர் இல்லை. ஈப்போ பக்கம் சிம்பாங் பூலாய்க்கு அப்பால் ஒரு ரப்பர் தோட்டத்தில் கங்காணி. ஆள் குள்ளம், ஒல்லி. குரல் மட்டும் ஆறடி. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் அவர் பேர் கூப்பிட ஆரம்பித்தால் லயத்து வீடுகளில் தூங்குகிற கோழியும் எழுந்து வரிசையில் நிற்கும். விரல்கள் பிஞ்சு வெண்டைக்காய் மாதிரி இருக்கும். அவற்றைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு. சாப்பிட்டுக் கை கழுவும்போது திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொள்வார்.

ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தோட்டத்தில் என் அண்ணன் கங்காணி. அவருக்கும் என்னைப் போலத் தடித்த விரல்கள்தான். எங்கள் வீட்டு வாகு அது. ரப்பர் நல்ல விலைக்குப் போன ஒரு வருஷம் அண்ணன் தன் தோட்டத்துக் கோயிலில் காவல் முனிக்குச் சுதைச் சிலை வைத்தார். புந்தோங்கில் ஒரு கோயில் வேலைக்காகத் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து வந்திருந்த ஸ்தபதிதான் செய்து கொடுத்தார். மீசையும் அரிவாளுமாக அந்த முனி ஆளை அண்ணாந்து பார்க்க வைத்தது. எங்கள் தோட்டத்துச் சனங்களே ஆற்றைத் தாண்டிப் போய்க் கும்பிட்டு வந்தார்கள். என் வீட்டுக்காரருக்குச் சோறு இறங்கவில்லை. மச்சானுடைய முனியைவிட உயரமாக ஒரு முனி நம் தோட்டத்தில் நிற்காவிட்டால் கங்காணி வேலையை விட்டுவிடுகிறேன் என்று சபதம் போட்டார். இப்படிச் சபதம் போடுவது அவருக்கு வழக்கம்தான் என்றாலும், இந்த முறை ஊரைக் கூட்டிவைத்துப் போட்டுவிட்டார்.

ஆகவே அடுத்த வருஷம் அதே ஸ்தபதி எங்கள் வீட்டு வாசலில் வந்து இறங்கினார். ஈப்போ மலைச் சுண்ணாம்பும், ஈயம் தோண்டிய குழிகளின் வெள்ளை மணலும் வண்டி வண்டியாக வந்தன. எவ்வளவு உயரம் வேண்டும் என்று இவர் கைகளை விரித்துக் காட்டிக்கொண்டிருந்தார். ஸ்தபதி காதில் வாங்கவே இல்லை. விரலைக் காட்டுங்கள் என்றார்.

"யாரு செய்யச் சொல்றாங்களோ அவங்க நடுவிரல்ல நடுக்கணு அகலம் எதுவோ, அது ஒரு விரல். பன்னெண்டு விரல் ஒரு முகம். ஒன்பது முகம் ஒரு முனி. உங்க அண்ணன் முனியும் அப்படித்தாம்மா வந்துச்சு," என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

கணக்கு அவ்வளவுதான். தெய்வத்துக்கு ஒன்பது முகம், மனுஷனுக்கு எட்டு, பிள்ளையாருக்கு ஐந்து, பூதத்துக்கு நாலு. மூக்கின் நீளம், காதின் தொங்கல், தொப்புள் எங்கே வர வேண்டும் என்பது எல்லாமே அந்த ஒரு விரலிலிருந்து பிறக்கும். என் வீட்டுக்காரர் தன் பிஞ்சு வெண்டைக்காயை நீட்டினார். ஸ்தபதி தென்னோலைக் கீற்றை அதன் நடுக்கணுவில் சுற்றி வளையமாக முடிந்து, வளையத்தின் உள் அகலத்தை மூங்கில் குச்சியில் கீறினார். அந்தக் கீறலை வைத்துச் சுவரில் நூற்றெட்டு விரல் அளந்து ஒரு கோடு போட்டார். கோடு என் கொண்டை உயரத்தில் நின்றது.

அண்ணன் வீட்டு முனியின் மார்பு வரைக்கும்கூட இது வராது. இவர் முகம் கறுத்துவிட்டது. கொஞ்சம் கூட்டிப் போடக்கூடாதா என்று கெஞ்சினார். தலையை மட்டும் பெரிதாக்கினால் பூதமாகிவிடும், காலை மட்டும் நீட்டினால் கொக்காகிவிடும் என்றார் ஸ்தபதி. உயரம் வேண்டுமென்றால் விரல்தான் தடிக்க வேண்டும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு வெற்றிலை போடப் போனார்.

அவர் விளையாட்டாகச் சொன்னதை இவர் மருந்துச் சீட்டாக எடுத்துக்கொண்டார். மறுநாள் பால்மரக் காட்டுக்குள் போய் ஒரு குளவிக் கூட்டில் நடுவிரலை நீட்டியிருக்கிறார். குளவிகளுக்கு எந்த விரல், எந்தக் கணு என்றெல்லாம் தெரியுமா? விரல் நுனியில் ஒன்று கொட்டியது, மோவாயில் மூன்று கொட்டின. மோவாய் தொங்க, கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வந்து நின்றவரை ஸ்தபதி மேலும் கீழும் பார்த்தார்.

"கங்காணியாரே, கணு அப்படியேதான் இருக்கு. ஆனா முகம் நீண்டுபோச்சு. இந்த முகத்த வெச்சு அளந்தா நீங்க ஆறு முகங்கூடத் தேறமாட்டீங்க," என்றார்.

இந்தப் பேச்சு அன்று மாலைக்குள் லயம் முழுக்கப் பரவி, தோட்டத்துக்கே அளவுப் பைத்தியம் பிடித்தது. பால் வெட்டப் போகிற பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி சாணால் அளந்து, தலையிலிருந்து கால்வரை எத்தனை முகம் என்று எண்ணினார்கள். நான் ஏழரை, நீ ஏழு என்று இரண்டு பேர் சண்டை போட்டு ஒரு வாரம் பேசாமல் இருந்தார்கள். கணக்கு எழுதுகிற ஆபீஸ் கிராணி எவர் கையிலும் சிக்காமல் குடையை விரித்தபடியே நடந்தார். துரையைத் தூரத்தில் நின்று கட்டைவிரலை நீட்டி அளந்தவர்கள், அவர் எட்டுக்கும் மேலே போகிறார், தொப்பியைக் கழற்றினால் சரியாகத் தெரியும் என்றார்கள். நானும் சும்மா இருக்கவில்லை. மத்தியானச் சோறு சாப்பிட்டு இவர் அசந்து தூங்கும்போது ஒரு கயிற்றால் அளந்து பார்த்தேன். வீக்கம் வடிந்த பிறகும் ஆறரைதான். பிள்ளையாருக்கும் மனுஷனுக்கும் நடுவில் எங்கோ நின்றார்.

கயிற்றைச் சுருட்டிக்கொண்டு திரும்பினால் வாசலில் ஸ்தபதி நிற்கிறார். அவர் பார்த்தது தூங்குகிறவரை அல்ல, கயிறு பிடித்திருந்த என் கையை. இந்த விரலை நான் எங்கேயோ பார்த்திருக்கிறேனே என்றார். போன வருஷம் ஆற்றுக்கு அந்தப் பக்கம் பார்த்திருப்பீர்கள் என்றேன். அவர் ஓர் ஓலைக் கீற்றை எடுத்து என் நடுக்கணுவில் சுற்றி, மூங்கிலில் போன வருஷம் போட்டிருந்த அண்ணனுடைய கீறலோடு ஒப்பிட்டார். என் விரல் அண்ணனுடையதைவிட ஓர் அரிசி மூக்கு அளவு தடிமன். நூற்றெட்டால் பெருக்கினால் அரைச் சாணுக்குக் குறையாது.

சத்தம் கேட்டு இவர் எழுந்தார். விஷயத்தைக் கேட்டதும் முகத்தில் சந்தோஷமும் கோபமும் மாறி மாறி வந்தன. பெண்சாதியின் விரலை எடுக்கலாமா என்று கேட்டார். வீட்டுக்கு ஒரு அளவு, அது யார் கையில் இருந்தால் என்ன என்றார் ஸ்தபதி. சரி, ஆனால் இது இந்த மூன்று பேரோடு போக வேண்டும், வெளியே கேட்டால் என் விரல்தான் என்று இவர் கண்டிப்பாகச் சொன்னார். ஸ்தபதி வாக்குக் கொடுத்தார். நான் எதுவும் கொடுக்கவில்லை. என்னிடம் யாரும் கேட்கவும் இல்லை. ஓலை வளையத்தை மட்டும் தகரப் பெட்டியில் பழைய மோதிரத்தோடு போட்டு வைத்தேன்.

முனி எழும்ப ஆரம்பித்தது. முழங்கால் வந்தது, இடுப்பு வந்தது, மார்பு வந்தது. சாரத்தின் கீழே நின்று நான் அண்ணாந்து பார்ப்பேன். அந்தத் தோள், அந்தக் கழுத்து, விரிந்த மூக்கு எல்லாமே என் விரலை அடுக்கி அடுக்கி வைத்ததுதான். எனக்கு நெஞ்சு விம்மும். யாரிடமாவது சொல்ல வேண்டும்போல் இருக்கும். இவரோ தினமும் பெரட்டில் நடுவிரலை உயர்த்திக் காட்டி, எல்லாம் இந்த விரல்தான், பார்க்கத்தான் சிறிது என்று அளந்துகொண்டிருந்தார். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஒரு நாள் அம்மியில் நான் மஞ்சள் அரைத்துக்கொண்டிருந்தபோது, ஸ்தபதியின் ஆட்கள் இருக்கும்போதே, ஏய் உலக்கை, தண்ணி கொண்டா என்றார். அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்த மனிதர் இதே வாயால், ஊர் கேட்க, ஒரே ஒரு முறை அது என் விரல் என்று சொல்ல வேண்டும். எனக்கு வேறு எதுவும் வேண்டாம்.

சிலைக்குக் கண் திறப்பதற்கு முன்பு கோயிலில் பூசை செய்கிற பண்டாரம் தர்ப்பைப் புல்லில் மோதிரம் முடிய வேண்டும். சிலை வைக்கிறவர் அதை அணிந்துகொண்டுதான் முதல் குடம் ஊற்றுவார். தர்ப்பைக்கு எங்கே போவது? தோட்டத்தில் ஒரு கொத்து தெரிந்தாலும் துரை சத்தம் போடுகிற லாலாங் புல்லைத்தான் பறித்து வைத்திருந்தார். நான் ஓலை வளையத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். இதுதான் என் வீட்டுக்காரருடைய அளவு, அளவு கொடுத்த நடுவிரலிலேயே மோதிரம் போட வேண்டுமாம், ஸ்தபதி ஊர் வழக்கம் என்று சொன்னேன். அப்படி ஒரு வழக்கம் எந்த ஊரிலும் இருந்ததாக எனக்குத் தெரியாது. பண்டாரம் பயபக்தியோடு தலையாட்டினார்.

அன்று இரண்டு தோட்டத்துச் சனமும் கூடியிருந்தது. அண்ணன் புதுவேட்டியில் வந்து நின்று எங்கள் முனியை அண்ணாந்து பார்த்து, அரைச் சாண் கூடுதல்தான் என்று மனம் வராமல் ஒப்புக்கொண்டார். மேளம் கொட்டியது. பண்டாரம் இவர் விரலில் மோதிரத்தை மாட்டினார். இவர் குடத்தைத் தூக்கினார். மோதிரம் கழன்று காலடியில் விழுந்தது. எடுத்து மாட்டினார்கள். மறுபடி விழுந்தது. மூன்றாம் முறை குடத்துக்குள்ளேயே விழுந்தது. மேளக்காரர் கையை நிறுத்திவிட்டார்.

கொடுத்த அளவுக்குத்தான் முடிந்தேன் என்று பண்டாரம் கையை விரித்தார். ஸ்தபதி வானத்தைப் பார்த்தார். அண்ணன் முன்னால் வந்து குடத்தில் கைவிட்டு மோதிரத்தை எடுத்து, தன் நடுவிரலில் போட்டுப் பார்த்தார். அதிலும் லேசாகச் சுழன்றது.

"எனக்கே கொஞ்சம் லூசா இருக்கே லா," என்றார். சொன்னவர் மெதுவாகத் திரும்பி என் கையைப் பார்த்தார். அவர் பார்த்த பிறகு அத்தனை பேரும் பார்த்தார்கள்.

இவர் பண்டாரத்தின் மேல் பாய்வார், புல்லைக் குறை சொல்வார் என்றுதான் நினைத்தேன். அதற்குப் பதிலும் வைத்திருந்தேன். இவர் குடத்தைக் கீழே வைத்தார். முனியை ஒரு தரம் ஏறிட்டுப் பார்த்தார். பிறகு அந்த ஆறடிக் குரலில், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி சொன்னார்.

"மோதிரம் என்னுது இல்ல. வெரலும் என்னுது இல்ல. இந்த முனி தலையிலேர்ந்து கால் வரைக்கும் எம் பொஞ்சாதி வெரலு. இந்தா புள்ள, வா, கைய நீட்டு."

பொம்பளை கையால் முதல் குடமா என்று பண்டாரம் இழுத்தார். அளவு யாருடையதோ கையும் அவருடையதுதான் என்று ஸ்தபதி முடித்துவிட்டார். நான் போனேன். கண் மறைத்தது. ஜெயித்தால் சிரிப்பு வரும் என்று நினைத்திருந்தேன், அழுகைதான் வந்தது. இவரே என் விரலைப் பிடித்து மோதிரத்தை மாட்டினார். கணுவைத் தாண்டி அது சொன்னபடி உட்கார்ந்தது. முதல் குடத்தை நான்தான் ஊற்றினேன்.

இப்போதும் எந்தக் கோயிலுக்குப் போனாலும் சாமியைக் கும்பிடுவதற்கு முன்னால், இது யார் வீட்டு விரலோ என்று ஒரு நினைப்பு ஓடிவிடுகிறது. புண்ணியம் குறைந்தால் குறையட்டும்.

கண் திறப்பு முடிந்து சில நாளில், பண்டாரம் திருப்பிக் கொடுத்திருந்த ஓலை வளையத்தைத் தேடினேன். பெட்டியில் இல்லை, கல்யாண மோதிரமும் இல்லை. இவர் ஈப்போவுக்கு ஏதோ சாமான் வாங்கப் போயிருந்தார். திரும்பி வந்தவருடைய காதுகள் வெறுமையாக இருந்தன. பெரட்டில் ஆட்டி ஆட்டிப் பேசுவதற்கென்றே போட்டிருந்த கடுக்கன் இரண்டையும் காணோம். மடியிலிருந்து ஓலை வளையத்தை எடுத்து என்னிடம் கொடுத்தார். அதன் மேல் புதுத் தங்க மோதிரம் ஒன்று பொருந்தி உட்கார்ந்திருந்தது.

"உலக்கைன்னா பூண் வேணும்ல," என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

எண்ணெயும் இல்லை, திருகலும் இல்லை, நேராக உள்ளே போனது. சரியாக இருக்கிறதா என்று கேட்டார். கொஞ்சம் இறுக்கம்தான் என்றேன். அவர் முகம் விழுந்ததைப் பார்க்க வேண்டுமே. சாயங்காலம் வரை அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டு, சோறு போடும்போதுதான் உண்மையைச் சொன்னேன்.