வெல்ல முடிச்சும் நான்கு முன் பற்களும்

மூன்று வருஷத்துக்கு முன், புரட்டாசி நடவு சமயம். நான் பூந்தமல்லியில் தங்கிக்கொண்டு, நூம்பல், வேலப்பன்சாவடி, குமணன்சாவடி ஆகிய ஊர்களில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளின் ஆரோக்கியத்தைக் கவனித்து வந்தேன். சென்னையில் ஒன்றரை வருஷம் பயிற்சி முடித்து வந்து அப்போது ஆறு மாதந்தான் ஆகியிருந்தது. ஊரில் எல்லோருக்கும் நான் நர்சம்மா.

எதையும் வரிசையாக எழுதி வைக்காவிட்டால் எனக்குக் கை ஓடாது. பற்களுக்கென்றே தனி நோட்டு வைத்திருந்தேன். தினமும் பல் விளக்குகிறதா, எதைக் கொண்டு விளக்குகிறது, சாப்பிட்டதும் வாய் கொப்பளிக்கிறதா, வலி உண்டா என்று நான்கு கேள்விகள். “விழப் போற பல்லுதானே” என்று தாய்மார்கள் சிரிப்பார்கள். அடுத்து வரும் பல்லுக்கு இடம் பிடித்து வைத்திருப்பது அந்தப் பால் பல்தான் என்று நானும் சளைக்காமல் சொல்வேன்.

நூம்பலில் நடவுக் கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை. குழந்தையின் மேல் முன் பற்கள் நான்கும் ஈறோரம் பழுப்பேறிக் கரைந்திருந்தன. கீழ்ப் பற்களோ அரிசி போல வெள்ளையாக இருந்தன. ஏன் இப்படி என்று நான் அங்கேயே நின்று யோசித்திருக்க வேண்டும். தினமும் காலையில் உமிக்கரி தொட்டுத் தேய்த்துவிடுவதாகத் தாய் சொன்னாள். கிணற்றடியில் நாலைந்து பெண்கள் பார்த்துக்கொண்டிருக்க, “பொய் சொல்லாதே. உமிக்கரி பட்ட பல்லா இது?” என்று கேட்டுவிட்டேன். அவளுக்கும் என் வயதுதான் இருக்கும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குள் போய்விட்டாள். அதற்கப்புறம் நான் இரண்டு தடவை போனபோதும் தட்டிக் கதவு சாத்தியே இருந்தது.

மூன்றாவது வாரம் பக்கத்து வீட்டுக்காரி என்னைத் தேடி வந்தாள். குழந்தையின் மேலுதடு வீங்கி, உடம்பு அனலாகக் கொதிக்கிறதாம். பல்லின் வேரில் சீழ் பிடித்திருக்கிறது என்று புரிந்தது. அந்த வயதில் அது முகத்துக்குள் பரவினால் உயிருக்கே ஆபத்து. பட்டணத்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். நேராக வயலுக்குப் போனேன்.

பன்னிரண்டு பெண்கள் வரிசையாகக் குனிந்து நட்டுக்கொண்டிருந்தார்கள். குழந்தை கரையில் புங்க மரத்துத் தூளியில் கிடந்தது. வரப்பில் நின்று விஷயத்தைச் சொன்னேன். அவள் உடனே நிமிரவில்லை. கையிலிருந்த நாற்று முடியை நட்டு முடித்துவிட்டுத்தான் பேசினாள்.

“இப்ப நா கரையேறுனா, அப்பாலே என்னிய வேலைக்கிக் கூப்புட மாட்டாங்க. சாயங்காலத்துக்குள்ள இந்த வயலு முடிஞ்சிடும். நாளைக்கி விடியக்காலம் வர்றேன். அதுவரைக்கும் புள்ளைய நீ வெச்சிகினு இரு. நா பொய்யி சொல்றவளான்னு நீயே பாத்துக்க.”

குழந்தையைச் சமாளிப்பது எனக்கு ஒரு பெரிய காரியமாகத் தோன்றவில்லை. அதற்குத்தானே பயிற்சி பெற்றிருந்தேன். நெற்றியில் ஈரத் துணி போட்டேன். காய்ச்சி ஆறிய தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டினேன். தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். எனக்குத் தெரிந்த தாலாட்டு முழுவதும் பாடித் தீர்த்தேன். அழுகை நிற்கவில்லை. ஒவ்வொரு தடவை குழந்தை வீறிடும்போதும் சேற்றில் தாயின் கை நின்றது. மற்றவர்கள் ஒரு முழம் முன்னே போய்விட்டார்கள். வேலை வாங்கும் கங்காணி வரப்பிலிருந்து கத்தினார். “இந்தா, புள்ளைய அடக்கு. இல்லாங்காட்டி நீ ஊட்டுக்குப் போ.”

தூளியின் பக்கத்தில் ஒரு கொட்டாங்கச்சி இருந்தது. அதற்குள் கட்டைவிரல் அளவுக்குத் துணி முடிச்சு ஒன்று. பழைய சேலைக் கிழிசலில் வெல்லத்தை வைத்துக் கட்டியது. அதைச் சப்பக் கொடுத்தால் குழந்தை வேலை முடிகிறவரை சத்தம் போடாது. கங்காணி இரண்டாம் முறை கத்தியபோது அதைத் தண்ணீரில் நனைத்து, என் கையாலேயே குழந்தையின் வாயில் வைத்தேன்.

அந்த நொடியே அழுகை நின்றது. சற்று நேரத்தில் தூங்கியும் போயிற்று. குனிந்து பார்த்தேன். முடிச்சு மேல் முன் பற்களின் மேல் அழுந்திக் கிடந்தது. கீழ்ப் பற்களை நாக்கு மூடிக்கொண்டிருந்தது. நடவு, களையெடுப்பு, அறுப்பு என்று வருஷம் முழுவதும், பகல் முழுவதும் இந்த வெல்லச் சாறு அந்த நான்கு பற்களில் ஊறிக்கொண்டே இருந்திருக்கிறது. காலையில் ஒரு தடவை தேய்க்கிற உமிக்கரி இதன் முன்னால் என்ன செய்யும்? அவள் சொன்னது முழுக்க உண்மை. நான்தான் பாதியைக் கேட்கவே இல்லை.

மத்தியானம் கூழ் குடிக்கப் பெண்கள் கரையேறினார்கள். அவள் குழந்தையின் வாயைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“இன்னா நர்சம்மா, நீயே குடுத்துட்டியா?”

“உமிக்கரி போட்டுப் பாக்கறதுதானே,” என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அத்தனை பேர் முன்னாலும், அன்று நான் பேசியது தப்பு என்று சொன்னேன். அவள் கூழ்ச் சட்டியை என் பக்கம் நகர்த்தினாள்.

மறுநாள் விடிகிறபோது குமணன்சாவடியில் எனக்கு முன்னே வந்து நின்றுகொண்டிருந்தாள். யுத்தத்தினால் பெட்ரோல் இல்லாமல் கரி வாயுவில் ஓடுகிற பஸ். கரி அடுப்பைக் கிளறிக் கிளறிப் பட்டணம் சேர்வதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது. பல் டாக்டர் நடுவிலிருந்த இரண்டு பற்களை எடுத்துச் சீழை வெளியேற்றினார். இன்னும் இரண்டு நாள் தாமதித்திருந்தால் உயிருக்குத் தன்னால் உறுதி சொல்லியிருக்க முடியாது என்றார். குழந்தையின் கைகளைப் பிடித்திருந்த அவள் அழவில்லை. “மீதி ரெண்டும் நிக்குமா?” என்று மட்டும் கேட்டாள். வெல்ல முடிச்சை விட்டுவிட்டு, மூன்று மாதத்துக்கு ஒரு தரம் கொண்டுவந்து காட்டினால் நிற்கும் என்றார் டாக்டர்.

“முடிச்ச உட்டா வேலைய உடணும். வேற எதனா சொல்லுங்க.”

டாக்டர் என்னைப் பார்த்தார்.

திரும்பும் பஸ்ஸில் இருவரும் பேசிப் பேசி ஒரு வழி கண்டோம். தினம் ஒருத்தி முறை வைத்து நடவிலிருந்து விலகி, எல்லாக் குழந்தைகளையும் பார்த்துக்கொள்வது என்ற யோசனை அவளுடையது. ஆகாரம் கொடுத்ததும், தூங்க வைக்கும் முன்பும் விரலில் ஈரத் துணி சுற்றிப் பற்களைத் துடைத்துவிட வேண்டும் என்பது என்னுடையது. கங்காணியிடம் நான் பேசட்டுமா என்று கேட்டேன். வேண்டாம் என்று சொல்லி, ஊர் திரும்பியதும் அவளே பேசினாள். “பன்னெண்டு பேரு ஒரு கண்ண கரையில வெச்சிகினு நடறது நல்லதா, பதினோரு பேரு குனிஞ்ச தலை நிமிராம நடறது நல்லதா? நீயே சொல்லு, அண்ணாத்தே.” அவர் முணுமுணுத்துக்கொண்டே சம்மதித்தார்.

மீதியிருந்த இரண்டு பற்களும் நின்றுவிட்டன. இப்போது நூம்பலிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒரு தரம் நான்கு தாய்மார்கள் பிள்ளைகளோடு பட்டணம் போய்ப் பல்லைக் காட்டி வருகிறார்கள். துணைக்கு நான் போவதில்லை. அவள்தான் அழைத்துப் போகிறாள்.

இன்றைக்கும் ஒரு குழந்தையின் வாயைத் திறந்து பார்ப்பதற்கு முன், அதன் தாய்க்கு விடிந்ததிலிருந்து படுக்கிறவரை பொழுது எப்படிப் போகிறது என்று உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்; அதைத் தெரிந்துகொள்ளாமல் நான் சொல்லும் எந்த யோசனையையும் அவளால் நடத்திக் காட்ட முடியாது என்பதை, எந்த வகுப்பிலும் படிக்காமல், அந்த வயல் கரையில்தான் நான் கற்றுக்கொண்டேன்.