கடலையும் கருவாடும் என் உதட்டு அக்கியும்

நிலக்கடலை தின்றால்தான் எனக்கு உதட்டில் அக்கி வருகிறதா? ஏழு வருடமாக இதைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதில் தெரியவில்லை.

கல்லூரியில் படிக்கும்போதே அது எனக்கு உண்டு. பரீட்சை நெருங்கினால் கீழுதட்டின் ஓரம் சுருசுருவென்று இழுக்கும். மறுநாள் கடுகு கடுகாய் நீர்க்கொப்புளங்கள் வரும். பிறகு உடைந்து, பொருக்குத் தட்டி, உதிர்வதற்குப் பத்து நாளாகும். பல்லி எச்சம் பட்டிருக்கும் என்று விடுதித் தோழிகள் கேலி செய்வார்கள். நானும் சேர்ந்து சிரிப்பேன்.

மகள் பிறந்த பிறகு அந்தச் சிரிப்பு போய்விட்டது. அவளுக்கு ஒரு மாதம் ஆனபோது எனக்கு அக்கி வந்தது. டாக்டரம்மா என் உதட்டைப் பார்த்ததுமே குழந்தையை என் முகத்திலிருந்து சற்றுத் தள்ளிப் பிடிக்கச் சொன்னார்.

"இது ஒட்டிக்கிடும்மா. பச்சைப்பிள்ளைக்கு ஆபத்து. பொருக்கு விழுந்து தோல் சரியாகுற வரைக்கும் முத்தம் கொடுக்காதே. அடிக்கடி சோப்புப் போட்டுக் கை கழுவு. பால் கொடுக்கலாம். பிள்ளைக்குக் காய்ச்சலோ கொப்புளமோ கண்டா ஒடனே தூக்கிட்டு வந்திரு."

சாப்பாட்டில் எதையாவது விலக்கலாமா என்று கேட்டேன்.

"சாப்பாட்டாலதான் வருதுன்னு உறுதியாச் சொல்ல முடியாது. ஏதாவது ஒத்துக்கலைன்னு ஒனக்கே தெரிஞ்சா விட்டுப் பாரு."

அவர் சொன்னதில் அந்தக் கடைசி வாக்கியத்தைத்தான் நான் பிடித்துக்கொண்டேன்.

எதை விடுவது என்பதற்கு எங்கள் சங்கரன்கோவிலில் ஆள் தேட வேண்டியதில்லை. கத்திரிக்காய், கருவாடு, நிலக்கடலை, சோளம் எல்லாம் கரப்பான் பண்டம், உடம்பில் புண்ணைக் கிளப்பும் என்று தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நான் அறிவியல் படித்தவள். கேட்டதை அப்படியே நம்பக்கூடாது என்று ஒரு நோட்டுப் போட்டேன். இடது பக்கம் அன்று சாப்பிட்டது, வலது பக்கம் உதட்டின் நிலை. அடுத்த அக்கிக்கு இரண்டு நாள் முன்னால் "நிலக்கடலை, ஒரு கை" என்று எழுதியிருந்தது. அதற்கு முந்தின நாள் "சுறாக் கருவாடு". எனக்கு அது போதுமானதாக இருந்தது.

ஆனால் அடுப்படி என் மதினி கையில் இருந்தது. என் கணவரின் அக்காள். அடுத்த வீடுதான், அவர்கள் விசைத்தறி ஓடும் சத்தம் எங்கள் சுவரில் கேட்டுக்கொண்டே இருக்கும். நான் பிள்ளை பெற்ற நாளிலிருந்து தினமும் விடியும் முன் வந்து எனக்குச் சமைப்பார். பால் ஊறுவதற்கு அவர் அறிந்த மருந்து இரண்டுதான்: சுறாக் கருவாடும் வெள்ளைப்பூடும். அவருக்குப் பால் கொண்டுவரும் கருவாடு, என் நோட்டில் அக்கி கொண்டுவரும் கருவாடு. அவரிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர் அந்தப் பக்கம் போனதும் கருவாட்டைப் பின்வாசலில் பூனைக்குப் போட்டுவிடுவேன். அதோடு நிற்காமல் பருப்பைக் குறைத்தேன். கத்திரிக்காய் போட்ட சாம்பாரையே தொடவில்லை. கடைசியில் ரசமும் சோறும்தான் மிஞ்சியது.

மூன்று வாரத்தில் பால் குறைந்துவிட்டது. மகள் குடித்துவிட்டும் அழுதாள். டாக்டரம்மா எடை பார்த்து, போன தடவையிலிருந்து ஏறவே இல்லை என்றார். அவளை அக்கியிலிருந்து காப்பாற்றப் போய்ப் பட்டினி போடுகிறேனோ என்று பயந்தேன். திரும்பச் சாப்பிடவும் பயந்தேன்.

அந்த வாரமே ஒரு காலையில் உதடு சுருசுருவென்றது. கண்ணாடி முன்னால் நின்றேன்; ஓரம் சிவந்து தடித்திருந்தது. மதினி பின்வாசலிலிருந்து பூனையைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏட்டி, இங்கன பாரு. இது பிள்ளை பெத்தவ மாதிரி கொழுத்துக் கெடக்கு, நீ குச்சியா நிக்க. என்ன நடக்கு இந்த வீட்டுல?"

கருவாடெல்லாம் பூனைக்குப் போனதைச் சொல்லி நோட்டை நீட்டினேன். மதினி எழுத்துக் கூட்டி மெதுவாக வாசித்தார். என் உதட்டைப் பார்த்தார். பூனையின் வாயைப் பார்த்தார்.

"மூணு வாரமாக் கருவாடு தின்ன பூனைக்கு ஒண்ணுங் காணோம். திங்காத ஒனக்கு வந்திருக்கு. பி.எஸ்ஸி. படிச்சவள்லா, நீயே சொல்லு."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தது. பிள்ளைக்கு ஒட்டிவிடுமே மதினி, முத்தம்கூடக் கொடுக்க முடியவில்லையே என்றேன்.

"கொடுக்காண்டாம். ஒனக்கும் சேத்து நான் குடுக்கேன். நீ தின்னுட்டுப் படு."

அன்றிலிருந்து பால் குடித்து முடித்ததும் குழந்தையை அவர் வாங்கிக்கொள்வார். நெற்றியில் ஒரு முத்தம்: "இது அத்தைக்கு." உள்ளங்காலில் ஒரு முத்தம்: "இது ஒங்கம்மைக்கு." நான் தறிச் சத்தத்திலேயே பகலெல்லாம் தூங்கினேன். கருவாட்டையும் தின்றேன். சில நாளில் பால் திரும்பியது, மகளின் கன்னமும் திரும்பியது. கடலையை மட்டும் தொடவில்லை. அடுத்த ஆறு மாதம் அக்கி எட்டிப் பார்க்கவில்லை.

கடலையை விட்டதாலா, தூங்கியதாலா? என் நோட்டில் தூக்கத்துக்கு நான் இடம் ஒதுக்கவே இல்லை.

இப்போது மகள் இரண்டாம் வகுப்பு. போன மாதம் காய்ச்சல் விட்டதும் அவள் கீழுதட்டின் ஓரத்தில், எனக்கு வரும் அதே இடத்தில், கடுகு கடுகாய் வந்தது. டாக்டரம்மா இந்த வயதில் பயப்பட ஒன்றுமில்லை, தானே ஆறிவிடும், கண்ணில் மட்டும் கை படாமல் பார்த்துக்கொள் என்றார். எந்த நாள், எந்த முத்தம் என்று நான் மட்டும் திரும்பத் திரும்ப யோசிக்கிறேன். யாரிடமிருந்தும் வந்திருக்கலாம் என்கிறார் என் கணவர். அவர் கோவில்பட்டியிலிருந்து வாங்கிவந்த கடலை மிட்டாய் டப்பாவை மேல்தட்டில் ஏற்றி வைத்துவிட்டேன்.

மகள் அண்ணாந்து பார்த்துக் கேட்கிறாள்: "யம்மா, கடல மிட்டாய் தின்னா எனக்கும் வருமா?"

"கொடுட்டி அதை. பிள்ளை ஏங்கிப் போகும்" என்கிறார் மதினி.

இந்த அக்கியோடு பிள்ளை வளர்க்கும் தாய்மார் எத்தனையோ பேர் இருப்பீர்கள். கடலையை நிறுத்தியதால் உங்கள் பிள்ளைகளுக்கு உண்மையிலேயே குறைந்ததா? புண் இருக்கும் நாட்களில் பிறர் டம்ளரைத் தொடாதே, தம்பி தங்கைக்கு முத்தம் கொடுக்காதே என்று, அவர்கள் மனம் சுருங்காதபடி எப்படிச் சொன்னீர்கள்? எனக்குச் சொல்லுங்கள். டப்பா இன்னும் மேல்தட்டில்தான் இருக்கிறது.