சுல்தான் பீவி பாடும்போது எடுத்த படம்

1974 மே 12, ஞாயிற்றுக்கிழமை. கோவளத்தில் ஒரு நிக்காஹ். செங்கல்பட்டு ரயிலடிக்கு எதிரே ஸ்டுடியோ வைத்திருந்த என்னைத்தான் படம் எடுக்க அழைத்திருந்தார்கள். ஆண்கள் பந்தலில் என் வேலை பதினொன்றே காலுக்கு முடிந்தது. வீட்டுக்குள் பெண்கள் பாட்டுக்குத் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மணப்பெண்ணின் தாய் பதருன்னிசா கதவுக்குப் பின்னால் நின்றபடி கேட்டார்.

"பாய், பொம்பளைங்க பாடறதையும் எடுத்தா நல்லாருக்கும். நீங்க உள்ள வரக்கூடாது. உங்க வூட்டம்மா வந்துகீறாங்களே, அவங்க கையில பொட்டிய குடுங்களேன்."

என் மனைவி அக்தர் பேகத்துக்கு அப்போது வயது இருபத்தாறு. ஸ்டுடியோவில் பிரிண்டுகளை அலசிக் காயவைப்பாள், கேமராவைத் தொட்டதில்லை. ஷட்டர் வேகத்தை வினாடியில் முப்பதில் ஒரு பங்கு என்று நானே வைத்துக் கொடுத்து, தூரத்துக்கேற்ப லென்ஸ் வளையத்தை மட்டும் அவளைத் திருப்பிக்கொள்ளச் சொன்னேன். பந்தலில் உட்கார்ந்து கேட்டேன். டோலக் சத்தம், பாட்டு. திடீரென்று அக்தரின் குரல்: "அசையாதீங்க! எல்லாரும் இங்க பாருங்க!" பாட்டு நின்றுவிட்டது.

ஸ்டுடியோவில் நான் ஒரு நாளைக்கு நாற்பது முறை சொல்வதைத்தான் அவளும் சொல்லியிருந்தாள்.

"ஏம்மே, நான் பாட வந்தனா, பாஸ்போர்ட் போட்டோவுக்கு வந்தனா?" என்று ஒரு கனத்த குரல் கேட்டது. உள்ளே ஒரே சிரிப்பு. அந்தக் குரல் சுல்தான் பீவியுடையது. வயது ஐம்பத்தொன்று. கோவளத்திலிருந்து கருங்குழி வரை எந்தக் கல்யாண வீட்டிலும் பெண்கள் பக்கம் அவர்தான் பாடுவார்.

அவர் அன்றே ஒரு நிபந்தனை போட்டார். படம் எடுக்கலாம், ஆனால் எந்த ஆணும் பார்க்கக்கூடாது. "உன் வூட்டுக்காரரும் ஆம்பளதானே?" என்றாராம். ஆகவே பிலிம் கழுவவும் அக்தரே கற்றுக்கொள்ள வேண்டியதாயிற்று. இருட்டில் செய்யப் பழகுவதற்காக, வீணாய்ப்போன பிலிமைக் கொடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கழுவும் டப்பாவின் சக்கரத்தில் சுற்றச் சொன்னேன். ஒன்பதாம் நாள் தவறில்லாமல் சுற்றினாள்.

அதன்பின் அவள் ஓர் இடத்தில் உட்காரவில்லை. கோழியைப் பார்த்தால் கேமராவைத் தூக்குவாள். தெருக்குழாயில் பெண்கள் குடத்தைத் தூக்கும்போது, பஸ் திரும்பும்போது, எதிர்வீட்டுக்காரி அரிசி புடைக்கும்போது எடுப்பாள். சோறு பரிமாறும் கை பாதியில் நிற்கும். "இப்ப நீங்க கைய உதறினீங்களே, அதுக்கு எவ்ளோ வேகம் வைக்கணும்?" என்பாள்.

இரண்டு வருடத்தில் பதினோரு கல்யாணம், பதினோரு சுருள். ஒவ்வொன்றுக்கும் தேதி, ஊர், வேகம், மருந்துத் தண்ணீரின் சூடு எல்லாம் நான் குறித்திருக்கிறேன். படங்களை மட்டும் பார்த்ததில்லை. அவள் சொல்லித்தான் தெரியும்.

முதல் ஐந்து சுருளில் முகமெல்லாம் கலங்கியிருந்ததாம். சுல்தான் பீவி தாளத்துக்குத் தலையை ஆட்டுவார். பிளாஷ் போட்டால் பாட்டு வரியை மறந்துவிடுவார். அதனால் அக்தர் பாட்டுகளையே மனப்பாடம் செய்தாள். எந்த வரி முடிவில் மூச்சு வாங்குவார் என்று பார்த்து, அந்த நொடியில் அழுத்தினாள். முகம் தெளிவாக வந்தது. ஓடிப்போய்க் காட்டினாள்.

சுல்தான் பீவி உதட்டைப் பிதுக்கினார். "வாய மூடிகினு குந்திகீறேன். கஷாயம் குடிக்கக் காத்துகினு கீறாப்புல கீது. இதுல பாட்டு எங்கம்மே?"

1976 ஏப்ரலில் பினாங்கிலிருந்த மகன் அவரைத் தன்னோடு வந்து இருக்கும்படி அழைத்தான். ஜூன் 3, வியாழக்கிழமை கப்பல். அவர் அக்தரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"போறதுக்குள்ள நான் பாடற மாதிரி ஒண்ணாவது எடு. இல்லன்னா இத்தினி நாள் எடுத்த பிலிமெல்லாம் கொண்டாந்து என் அடுப்புல போட்டுடு. நான் இல்லாத ஊர்ல என் மூஞ்சி கெடக்க வாணாம்."

அதற்குள் ஒரே கல்யாணம்தான் இருந்தது. மே 16, கோவளம். அக்தர் முந்தின நாள் வாசலுக்கும் கொல்லைக்கும் நடந்துகொண்டே சொன்னாள்: "ராகத்த நீட்டி இழுக்கும்போது அவங்க தல ஆடாது, வாய் தொறந்திருக்கும். கைதான் டோலக்குல ஓடும். அப்ப எடுக்கப்போறேன்."

"கை கலங்கிடும். கலங்கினா அது கெட்ட படம்," என்றேன்.

"கையும் நின்னுட்டா, அப்புறம் டோலக் எங்கங்க அடிக்கிறது?"



கல்யாணத்தன்று பகல் ஒரு மணி சுமாருக்குக் கதவோரம் வந்து நின்றாள். முகம் வெளுத்திருந்தது. பிலிமைச் சுற்றும் பிடி வெறுமனே சுழன்றது. பிலிமின் ஓரத்து ஓட்டைகள் கிழிந்திருக்க வேண்டும். பழக்கத்தில் திறந்து பார்க்கக் கையை நீட்டினேன். கேமராவை மார்போடு அணைத்துக்கொண்டாள். "வெளிச்சம் பட்டா அத்தினியும் போச்சு!"

செங்கல்பட்டுவரை இரண்டு மணி நேரம் பஸ்ஸில் முந்தானைக்குள் வைத்துக்கொண்டு வந்தாள்.  இருட்டறையில் தனியாகப் போராடிவிட்டுக் கூப்பிட்டாள்.

"வாங்க உள்ள. செவப்பு விளக்கையும் அணைச்சிட்டேன். உங்களுக்கும் ஒண்ணும் தெரியாது, எனக்கும் ஒண்ணும் தெரியாது."

தடவித் தடவிக் கிழிந்த இடத்தைக் கண்டுபிடித்தேன். அதை வெட்டிவிட்டு, மீதியைச் சுற்றி டப்பாவில் அடைத்து மூடியதும் என்னை வெளியே தள்ளினாள். மருந்துத் தண்ணீரின் சூடு இருபத்தொன்பது டிகிரி என்று உள்ளிருந்து சொன்னாள்; பிலிமுக்கு அது அதிகம். ஐஸ் வாங்கி வந்து கதவிடுக்கில் கொடுத்தேன். வெளியே நின்று நிமிடங்களை நானே சத்தமாகச் சொன்னேன். நாலே முக்காலுக்கு வெளியே வந்தாள்.

"வந்துச்சா?"

"ஒண்ணு வந்துகீது," என்றாள். எப்படி என்று சொல்லவில்லை.

மறுநாள் கோவளத்தில் சுல்தான் பீவி வீட்டுக்குள் அக்தர் படத்தோடு போனாள். நான் தெருவில் நின்றேன். ஜன்னல் திறந்திருந்தது.  சுல்தான் பீவியின் குரல் கேட்டது.

"பல்லு ரெண்டு இல்லாதது தெரியுது. கழுத்து நரம்பு பொடச்சிகினு கீது. கை எங்க போச்சுன்னே தெரியல... இதான் நான்." கொஞ்சம் பொறுத்து, "மத்தத நீயே வெச்சுக்கோ. இதோட நெகட்டிவையும் எனக்கே குடுத்துடு. வேற எவளும் இத்த பிரிண்டு போட வாணாம்."

கத்தரிக்கோல் கேட்கும் குரல் அக்தருடையது. ஒற்றைப் படத்தைச் சுருளிலிருந்து நான் ஒருநாளும் வெட்டியதில்லை. அவள் வெட்டும் சத்தம் ஜன்னல் வழியே கேட்டது.

திரும்பும் பஸ்ஸில் திருக்கழுக்குன்றம் தாண்டும்வரை நகத்தைக் கடித்தபடி இருந்தாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"அடுத்த மாசம் கருங்குழியில கல்யாணம்னாங்களே, அங்க யாருங்க பாடப்போறது?"

தெரியாது என்றேன்.

"எறங்கினதும் விசாரிங்க," என்றாள்.