அக்காவின் கனம்

கருகிய கிளட்ச் பிளேட் ஒன்றை அக்கா மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்தது இன்னும் என் கண்ணில் நிற்கிறது. தீய்ந்த நகமும் பழைய ஆயிலும் கலந்தது போன்ற நாற்றம் அது. மெக்கானிக்கான எனக்கே குமட்டும். அவள் முகம் சுளிக்கவில்லை. கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

நாங்கள் தோணிரேவுக்காரர்கள். அக்காவை லைட்ஹவுஸ் குப்பத்தில் கட்டிக்கொடுத்தோம். மாமாவுக்குக் கடல் தொழில் கொஞ்சம், மீன் வியாபாரம் அதிகம். விடிந்ததும் பைக்கின் இருபுறமும் மீன் பெட்டிகளைக் கட்டி, பின்னால் அக்காவை உட்காரவைத்து ஏரியின் மேலுள்ள பாலம் ஏறிப் பழவேற்காடு வருவார். அங்கிருந்து பொன்னேரி மார்க்கெட். விற்பதெல்லாம் அக்காதான், மாமாவுக்குப் பேரம் பேசப் பொறுமை கிடையாது. என் மெக்கானிக் கடை பழவேற்காட்டுப் பக்கம் பாலத்தடியில் இருப்பதால் தினமும் அவர்களைப் பார்ப்பேன்.

ஒரு மழைக்காலம் முடிந்த பிறகு வண்டி பாலம் ஏறத் திணறியது. ஆக்ஸிலேட்டரை முறுக்கினால் இன்ஜின் அலறும்; சக்கரம் மட்டும் சோம்பலாக உருளும். மாமா உடனே காரணம் கண்டுபிடித்துவிட்டார். பாலத்தின் இரு முனையிலும் நண்டு விற்கும் பெண்கள் பார்க்க வண்டியை நிறுத்தி, "எறங்குடி. உன் கனத்துக்கு லாரிதான் சரி" என்பார். பெட்டிகளோடு அவர் மட்டும் ஏறிப் போவார். அக்கா வெயிலில் பாலத்தை நடந்தே கடந்து வருவாள். பெட்டிகளில் இருந்த ஐஸும் மீனும் அவளைவிடக் கனம். அதை யாரும் சொல்லவில்லை. பெண்கள் சிரித்தார்கள். கொஞ்ச நாளில் குப்பத்துப் பிள்ளைகளும் அவளை 'லாரி' என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். வண்டியைக் கடையில் விடச் சொன்னால் மாமா கேட்கமாட்டார். "வண்டிக்கு ஒண்ணுமில்ல மச்சான். உங்க அக்காவைத்தான் ரிப்பேர் பண்ணணும்" என்பார்.

அக்கா ராத்திரிச் சோற்றை நிறுத்தினாள். அம்மா கேட்டதற்கு நெஞ்செரிச்சல் என்றாள். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு வந்தது. ரவிக்கை தோளில் நிற்காமல் நழுவியது. வண்டி அப்போதும் ஏறவில்லை.

ஒருநாள் பொன்னேரியிலிருந்து திரும்பும்போது சமதரையிலேயே இழுக்காமல் போய்விட்டது. மாமா ஹேண்டிலைப் பிடித்துக்கொள்ள, அக்கா பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு கடைக்கு வந்து சேர்ந்தார்கள்.

முதலில் கிளட்ச் லீவரைத் தொட்டுப் பார்த்தேன். அதில் சிறிது தளர்வு இருக்க வேண்டும். மாமா கேபிளை முறுக்கி முறுக்கி வீணைக் கம்பி போல விறைப்பாக்கி வைத்திருந்தார். அதைத் தளர்த்தினேன். ஸ்டார்ட் செய்து மூன்றாவது கியரில் போட்டு, பிரேக்கை அழுத்தியபடி கிளட்ச்சை மெல்ல விட்டேன். பிளேட் நன்றாக இருந்தால் இன்ஜின் அடங்கி நின்றுவிடும். இது நிற்காமல் கத்திக்கொண்டே இருந்தது. ஆயிலை வடித்துக் கவரைக் கழற்றி பிளேட்டுகளை ஒவ்வொன்றாக உருவினேன். பிடிப்புக்காக ஒட்டியிருக்கும் கட்டைகள் கரியாக உதிர்ந்தன. இடையிலிருந்த இரும்புத் தட்டுகள் சூட்டில் நீலம் பாரித்திருந்தன.

"மாமா, ஓட்டும்போது உங்க ரெண்டு விரல் எப்பவும் லீவர் மேலயே கீது. பாலத்துல பாதி கிளட்ச்ச புடிச்சிக்கினே ஏத்துறீங்க. அதான் எரிஞ்சிபோச்சி. அக்கா வெயிட்டுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

"இன்னாமோ சொல்ற" என்று மாமா சிரித்துவிட்டு டீ குடிக்கப் போனார்.

அப்போதுதான் அக்கா அந்தப் பிளேட்டை எடுத்து முகர்ந்தாள். "அப்போ நான் இல்லயாடா?" என்றாள்.

"நீ இல்லக்கா."

புது பிளேட்டுகளை ஆயிலில் ஊறவைத்து மாட்டினேன். ஸ்பிரிங்குகளையும் மாற்றினேன். அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு நானே பாலத்தின் உச்சிவரை போய்த் திரும்பினேன். வண்டி அலட்டாமல் ஏறியது. அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள்.

பிறகு இருவரும் குப்பத்துக்குக் கிளம்பினார்கள். பெட்டிகள் காலி. பாலத்தடியில் நண்டுக்காரப் பெண்களுக்கு எதிரே மாமா வண்டியை நிறுத்தினார்.

"எறங்குடி."

"அதான் சரியாயிடுச்சே."

"புது பிளேட்டு. உன்னை ஏத்தி அதையும் எரிக்கணுமா?"

பெண்கள் வழக்கம்போலச் சிரித்தார்கள். அக்கா இறங்கினாள். மாமா உச்சியில் போய் நின்றுகொண்டு ஹாரன் அடித்தார். அவள் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தாள். திரும்பிக் கடைக்கு நடந்து வந்தாள். கையைக் கழுவிக்கொண்டு, "சோறு இருக்கா?" என்றாள். என் டிபன் கேரியரில் மிச்சமிருந்த சோற்றையும் இறால் குழம்பையும் வழித்துச் சாப்பிட்டாள். ஹாரன் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது.

அன்று அவள் தோணிரேவுக்கு வந்துவிட்டாள். குப்பத்துப் பெரியவர்கள் கூடிப் பேசினார்கள். "அட்ச்சானா? இல்ல. சூடு வெச்சானா? இல்ல. வண்டியவுட்டு எறக்கினான். இதுக்கெல்லாம் ஒருத்தி பொறந்த வூட்டுக்கு வருவாளா?" என்று ஒருவர் கேட்க, கூட்டமே சிரித்தது. எங்களைப் பெற்ற நைனா தலைகுனிந்தபடி அவளைத் திருப்பி அனுப்பினார். அக்கா போனாள். ஆனால் அந்த வண்டியில் அதன்பின் ஏறவேயில்லை. தன் மீனை அலுமினிய அன்னக்கூடையில் போட்டுக்கொண்டு பஸ்ஸில் போய் விற்றாள்.

சென்ற ஆண்டு படகிலிருந்து வழுக்கி விழுந்ததில் மாமாவின் முழங்கால் போய்விட்டது. வண்டியை விற்றார்கள். போன மாதம் பொன்னேரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் இருவரையும் பார்த்தேன். நல்ல கூட்டம். அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்து இடத்தில் அவளுடைய அன்னக்கூடை. மாமா கம்பியைப் பிடித்து, ஒரு காலை ஊன்ற முடியாமல் நின்றிருந்தார்.

"கூடைய கீழ வெய்யிம்மா, அவரு உக்காரட்டும்" என்றார் கண்டக்டர்.

"கனமா கீதுப்பா. எறக்க முடியாது."

கண்டக்டர் எட்டிப் பார்த்தார். உள்ளே ஒரு ஈரத் துணி மட்டும் கிடந்தது. சிரித்துக்கொண்டே நகர்ந்துவிட்டார். பஸ் குலுங்கியபோதெல்லாம் மாமா பல்லைக் கடித்தார். பிறகு தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். நான் பின் சீட்டில் உட்கார்ந்திருந்தேன். எழுந்து இடம் கொடுத்திருக்கலாம். பழவேற்காடு வரும்வரை நான் எழவில்லை.