டோபியில் ஊசி போட்ட மிஸ்ஸி

கூட்டத்தில் உட்கார்ந்திருந்தபோது விடுதிக் காப்பாளரிடமிருந்து வாட்ஸ்அப் வந்தது. "சரோஜா மிஸ்ஸி போயிட்டாங்க சார். சிம்பாங் ரெங்கம் வீட்டுலதான். ஹார்ட் அட்டாக்." கைப்பேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டு, கார் நிறுத்துமிடம் பற்றிய பேச்சுக்குத் தலையாட்டிக்கொண்டிருந்தேன். அதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

எங்கள் கல்லூரி கிளினிக்கில் பல ஆண்டுகள் தாதியாக இருந்தவர் அவர். நான் மாணவர் நலப் பிரிவின் பொறுப்பாளன். அவரை அறிந்த உங்களில் பலர் என்னையும் அறிவீர்கள், ஆனால் தவறான காரணத்துக்காக. அதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

முதல் முறை ஃபுளு தடுப்பூசிக்கு ஏற்பாடு செய்தவன் நான்தான். பெரிய மண்டபம், பேனர், காலை ஒன்பது முதல் பன்னிரண்டு வரை, மூன்று பக்கப் படிவம். வந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். "இந்தப் பிள்ளைங்களுக்கு அக்கறையே இல்ல," என்று சலித்துக்கொண்டேன். ஐஸ்பெட்டியை மூடியபடி மிஸ்ஸி சொன்னார்: "அக்கறை இருக்கு சார். அந்த நேரத்துல கிளாஸ் இருக்கு." அந்த ஆண்டுத் தேர்வுச் சமயத்தில் விடுதியில் அறைக்கு அறை காய்ச்சல். படுத்துக்கிடந்தவர்களுக்குக் கஞ்சி கொண்டுபோனவரும் அவர்தான்.

அடுத்த ஆண்டு ஒரு யோசனையோடு வந்தார். விடுதியின் கீழ்த்தளத்தில் மாணவர்களே மெஷினில் துணி துவைக்கும் டோபி இருக்கிறதே, அங்கே ஞாயிறு மாலை ஊசி போடலாம் என்றார். நான் சிரித்துவிட்டேன்.

"அலமாக், ஊசி போடுற இடமா மிஸ்ஸி அது?"

"துணி மெஷின்ல கிடக்கு, யாரும் எங்கயும் ஓட மாட்டாங்க. ஊசி போட்டு பதினஞ்சு நிமிஷம் உட்கார வைக்கணும். அவங்க எப்படியும் உட்கார்ந்துதானே இருக்காங்க லா."

படிவத்தையும் ஒரே பக்கமாக்கச் சொன்னார். நான் கோப்பைக் கிடப்பில் போட்டேன். அவரே முதல்வரிடம் அனுமதி வாங்கி, டாக்டரை அழைத்துவந்து, நடத்திக் காட்டினார். துணிக்கூடையோடு வந்த பிள்ளைகள் சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள். வரிசை படிக்கட்டு வரை நீண்டது.

கோலாலம்பூரிலிருந்து வந்த நிர்வாகிகள், யாருடைய யோசனை என்று கேட்டார்கள். "நாங்கதான் யோசிச்சோம்," என்றேன். மிஸ்ஸி பின்னால் பஞ்சை வைத்துக்கொண்டு நின்றிருந்தார். கல்லூரி இதழில் என் பெயர் மட்டும், என் படத்தோடு வந்தது. திருத்தச் சொல்ல ஒரு போன் போதும். நான் போடவில்லை. "படம் நல்லா வந்திருக்கு சார்," என்றார் மிஸ்ஸி. கிண்டலா என்று இன்றுவரை தெரியவில்லை. கிண்டலாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதல்.

அவருடைய பிரிவுபசார விழாவில் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுதியே கொண்டுபோனேன். அந்தத் திட்டத்தின் தந்தை என்று முதல்வர் என்னை மேடைக்கு அழைத்தார். காகிதம் பையிலேயே இருந்துவிட்டது. புறப்படும்போது மிஸ்ஸி, ஊசிக்குப் பின் நேரம் பார்க்கத் தான் வைத்திருந்த, திருகினால் மணியடிக்கும் சமையலறைக் கடிகாரத்தை என் கையில் கொடுத்தார். "பிள்ளைங்கள அவசரமா எழுப்பி விட்டுடாதீங்க சார்."

அவரை அடக்கம் செய்த வாரத்தின் ஞாயிறு மாலை, இந்த ஆண்டு ஊசி போடும் நாள், அந்தக் கடிகாரத்தோடு டோபிக்குப் போனேன். ஊசி போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த ஒரு மாணவி கேட்டாள்: "சார், இது நீங்க யோசிச்சதுதானே?"

"இல்லம்மா. சரோஜா மிஸ்ஸி யோசிச்சது. வேணாம்னு சொன்னவன் நான்."

"யாரு சார் அவங்க?"

அவள் துணி இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. கடிகாரத்தைப் பதினைந்துக்குத் திருகி வைத்துவிட்டு, ஆரம்பத்திலிருந்து சொன்னேன்.