மாடி தெரிய வேண்டும்

மாமா புதிதாகக் கேமரா வாங்கிய வருஷம் எங்கள் வீட்டில் ஒருவருக்கும் பின்னணி என்பதே இல்லாமல் போனது. அம்மாவின் தம்பியான அவருக்குத் தெரிந்த ஒரே வித்தை, முகத்தைத் துலக்கமாக வைத்துவிட்டுப் பின்னால் இருப்பதையெல்லாம் மங்கலாக்குவது. நான் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மைப் படத்தில் மாதா கோயிலே பனிமூட்டமாகத்தான் இருக்கும். திண்டுக்கல்லில் அதற்கு அப்போது நல்ல மவுசு.

அக்காவுக்குக் குஜிலியம்பாறைப் பக்கத்திலிருந்து ஒரு வரன் வந்தது. அவர்களுக்கு அனுப்ப, வீட்டு வாசலில் அக்காவை நிறுத்தி மாமா ஒரு படம் எடுத்தார். அதைப் பார்த்ததும் அப்பா கொதித்துவிட்டார்.

"என்ன மாப்ள இது? இம்புட்டுப் பாடுபட்டு மாடி கட்டியிருக்கேன், கூழாக் கரைச்சு வச்சிருக்க!"

"இப்ப இதுதான் அத்தான் ஸ்டைலு."

"உன் ஸ்டைல்ல தீயை வைக்க. மாடி தெரியணும்."

மாமா முனகிக்கொண்டே கேமராவைத் திருகினார். ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்த எனக்கு மட்டும் ரகசியத்தைச் சொன்னார். "இங்க பாருத்தா, இந்த நம்பரை ரெண்டுலருந்து பதினொண்ணுக்கு ஏத்திட்டு, செத்த தள்ளி நின்னு எடுத்தா அம்புட்டும் தெளிவா விழுகும்."

எடுத்து முடித்ததும் கேமராவை என்னிடம் கொடுத்தார். திரையில் படத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். மாதா படம் பதித்த டைல்ஸ், சன்னல் கம்பி, மாடிக் கைப்பிடிச் சுவர், எல்லாமே பளிச்சென்று இருந்தன. அந்தச் சுவரோரம், மாடியில் வாடகைக்கு இருந்த கம்ப்யூட்டர் சார் நின்றுகொண்டிருந்தார். கண்டுபிடித்துவிட்ட பெருமையில் கத்தினேன்.

"அப்பா, மாடி சார் கண்ணைத் தொடைக்கிறாரு! தூசி விழுந்துருச்சு போல!"

அப்பா கேமராவை வாங்கி வெகுநேரம் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். என்னை யாரும் திட்டவில்லை, அதனால் ஏதோ நல்ல காரியம் செய்திருப்பதாகவே நினைத்தேன். மாப்பிள்ளை வீட்டுக்கு மங்கலான படமே போனது. அந்த வாரமே மாடி காலியானது. நான் படிக்க ஒரு தனி அறை கிடைத்தது என்று குதித்தேன். இப்போது சொல்லக் கூச்சமாக இருக்கிறது.

அதற்குப் பிறகு அக்கா என்னிடம் சரியாகப் பேசவே இல்லை. கல்யாணப் பொண்ணு என்கிற மிதப்பு, போகட்டும் என்று விட்டுவிட்டேன். கோயிலில் கல்யாணம் முடிந்து வண்டியில் ஏறப் போனவள், திரும்பி வந்து என்னைக் கட்டிப்பிடித்துத் தேம்பித் தேம்பி அழுதாள். அம்மாவைக்கூட அப்படிக் கட்டிக்கொண்டு அழவில்லை. எங்க அக்காவுக்கு என் மேலதான் அம்புட்டுப் பாசம் என்று பள்ளிக்கூடத்தில் ஒரு வாரம் பீற்றிக்கொண்டு திரிந்தேன்.