மும்மொழியில் எழுதியிருந்த போத்தல்

என் மகள் மண்ணெண்ணெய் குடித்தது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை பத்து மணி கழிந்து சில நிமிடங்களில். அந்த நேரம் வீட்டில் பொறுப்பாக இருந்தவன் நான். வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியாது. முடியுமா என்று இரண்டு நாள் தேடிப் பார்த்துவிட்டுத்தான் இதைச் சொல்கிறேன்.

சபையில் யாராவது சாட்சி சொல்ல எழும்பினால், கடைசி வாங்கில் உட்கார்ந்து மணிக்கூட்டைப் பார்க்கிறவன் நான் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். இப்போது என் முறை. ஒரு பக்கத்துக்கு மேல் போகக் கூடாது என்று போதகர் சொன்னார். போகும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்காக: முப்பத்தைந்து வருடம் அரச அலுவலகங்களில் இருந்து, நிர்வாக உத்தியோகத்தராக இளைப்பாறியவன். ஆரையம்பதிக்குத் தெற்கே வாவிப் பக்கம் வீடு. கலியாணம் ஐம்பத்து நான்கு வயதில். மகன் டானியலுக்கு ஆறு வயது, மகள் ஜெமிக்கு மூன்று. மனைவி சுகந்தி ஆசிரியை. காலையில் மகனையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடம் போனால் இரண்டு மணிக்குத்தான் வருவாள். அதுவரை ஜெமியும் நானும். கடையில் "பேத்தியா சேர்?" என்று கேட்கிறவர்களைத் திருத்துவதை ஒரு வருடத்துக்கு முன்பே நிறுத்திவிட்டேன்.

அலுவலகம் நடத்தியவனுக்குப் பிள்ளை வளர்ப்பது பெரிய காரியமா என்று நினைத்திருந்தேன். நேர அட்டவணை தயாரித்துக் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டினேன். ஏழு மணிக்குப் பால், எட்டுக்குப் புட்டு, பத்திலிருந்து பதினொன்றரை வரை நித்திரை. ஜெமி அதைக் கிழித்து வாயில் போட்டாள். பிரதி இருந்தபடியால் திரும்ப ஒட்டினேன். அவள் சட்டைக்குப் பொத்தான் பூட்டுவதற்குள் சட்டையைக் கழற்றிவிடுவாள். சோற்றை என் வாயில் ஊட்டிவிட்டு, தான் சாப்பிட்டு முடித்துவிட்டதாக அறிவிப்பாள். இதற்கெல்லாம் சுற்றறிக்கை கிடையாது.

குசினியில் உள்ள எல்லாப் போத்தல்களிலும் பெயர் எழுதி ஒட்டுவது என் பழக்கம். எரிவாயுத் தட்டுப்பாட்டுக் காலத்தில் வாங்கிய மண்ணெண்ணெயில் கொஞ்சம் மிஞ்சி, ஒரு தண்ணீர்ப் போத்தலில் இருந்தது. அதிலும் ஒட்டினேன். சிங்களம், தமிழ், ஆங்கிலம், அந்த ஒழுங்கில். கீழே சிவப்பு மையில், "குடிக்கத் தகாதது." அதுவும் மூன்று மொழியில். சுகந்தி பார்த்துவிட்டு, "எறிஞ்சா முடிஞ்சிது" என்றாள். பெயர் எழுதியிருக்கிறதே என்றேன்.

இன்னொரு விசயமும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். எங்கள் தெருவுக்குக் காத்தான்குடியிலிருந்து மோட்டார் சைக்கிளில் மீன் கொண்டுவருகிறவர் றசீத். பின்னால் மீன் பெட்டி. முன்னால் ஒரு ஹோன். அந்த ஹோன் வாவிக்கு அக்கரையிலும் கேட்கும். சரியாகப் பத்தேகாலுக்கு, ஜெமியின் கண் அப்போதுதான் மூடிய நேரத்தில், என் வாசல் படலையடியில் அதை அடிப்பார். நான் வெளியே போய் ஒரு வார்த்தை சொல்லவில்லை. பிரதேச சபைக்கு முறைப்பாடு எழுதினேன். பதிவுத் தபால், மூன்று பிரதிகள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ஜெமியைப் படுக்க வைத்துவிட்டு வந்தபோது, குசினிச் சுவரோரம் எறும்பு ஊர்ந்தது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாம் என்று போத்தலை மேல்தட்டிலிருந்து எடுத்து, மூடியைத் திறந்து, நிலத்தில் வைத்தேன். தொலைபேசி அடித்தது. ஓய்வூதிய விசயமாக ஒரு இளம் உத்தியோகத்தர். அவர் படிவத்தின் இலக்கத்தைத் தவறாகச் சொன்னார். நான் திருத்தினேன். அவர் தன் இலக்கம்தான் சரி என்றார். முன்விறாந்தைக்குப் போய் நின்று விளங்கப்படுத்தினேன். இறுதியில் நான் சொன்னதே சரி என்று ஒத்துக்கொண்டார். அந்த வெற்றிக்கு ஐந்து நிமிடம் எடுத்தது.

உள்ளேயிருந்து இருமல் கேட்டது.

ஜெமி போத்தலைப் பிடித்தபடி நிலத்தில் இருந்தாள். சட்டை நனைந்திருந்தது. வாயிலிருந்து மண்ணெண்ணெய் மணத்தது. இருமினாள், இருமினாள், நிறுத்த முடியவில்லை. உதடு வெளுத்திருந்தது. என்னைப் பார்த்து, "தண்ணி சரியில்ல அப்பா" என்றாள்.

ஆம்புலன்சுக்கு அழைத்தேன். எடுத்த பெண்ணிடம் பெயர், முழு முகவரி, கிராம சேவகர் பிரிவு, பிரிவின் இலக்கம் எல்லாம் சொன்னேன். அவர் இடையில் வெட்டி, "ஐயா, பிள்ளை மூச்சு விடுறாளா?" என்று கேட்டார். அப்போதுதான் நான் என்ன செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்கு விளங்கியது. விடுகிறாள், கஷ்டப்பட்டு விடுகிறாள் என்றேன். வண்டி வேறொரு நோயாளியை இறக்கிவிட்டுத்தான் வர வேண்டும், அரைமணி ஆகலாம் என்றார்.

என் சத்தம் கேட்டு அடுத்த வீட்டு மலர் வேலியால் வந்தாள். பார்த்ததும் ஓடிப்போய் ஒரு கோப்பையில் உப்புத் தண்ணீர் கரைத்து வந்தாள்.

"அண்ணன், இதக் குடுங்க. சத்தி எடுத்தா எல்லாம் வெளிய வந்திரும்."

அது நல்லதா கெட்டதா என்று எனக்குத் தெரியாது. விடுமுறை, இடமாற்றம், ஒழுக்காற்று விசாரணை எல்லாவற்றுக்கும் நடைமுறை சொல்ல என்னிடம் ஆட்கள் வருவார்கள். மடியில் என் பிள்ளை மூச்சுக்கு இழுக்கிறாள், எனக்கு ஒரு நடைமுறையும் தெரியாது.

என் ஜெபத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். சுகந்தி அதைக் கூட்ட அறிக்கை என்பாள். முதலில் ஸ்தோத்திரம், பிறகு சென்ற வாரக் காரியங்கள், பிறகு புதிய விண்ணப்பங்கள், கடைசியில் வேறு விசயங்கள். அன்று அப்படி ஒன்றும் வரவில்லை. "ஆண்டவரே, ஆள் அனுப்பு" என்றேன். அவ்வளவுதான். 'அனுப்பும்' என்றுகூடச் சொல்லவில்லை. வேலைக்காரனை ஏவுவது போல, சத்தம் போட்டு.

கோப்பையை ஜெமியின் வாயில் வைத்தேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து அதைத் தட்டிவிட்டது.

"சேர்! சத்தி எடுக்க வைக்காதீங்க! எண்ணெய் நெஞ்சுக்குள்ள போயிரும்!"

றசீத். ஹோன் சத்தம் இல்லாமல், இயந்திரத்தை நிறுத்தி, மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு படலைக்குள் வந்திருந்தார். ஏன் அப்படி வந்தார் என்று யோசிக்க எனக்கு நேரமில்லை.

"என்ட தங்கச்சிட மகனுக்கு இப்பிடித்தான் உப்புத் தண்ணி குடுத்தாங்க. அதுக்குப் பொறகுதான் மோசமாப் போன. ஒண்ணும் குடுக்காதீங்க. சட்டயக் கழட்டுங்க. நிமித்திப் புடிங்க."

"ஆம்புலன்சுக்குச் சொல்லியிருக்கு" என்றேன்.

"அது வரக்குள்ள நாம போயிரலாம். ஏறுங்க."

மீன் பெட்டியைக் கழற்றி வேப்பமரத்தடியில் வைத்தார். என் சாரத்தைப் பிடித்து இழுத்து ஏற்றினார் என்றே சொல்ல வேண்டும். ஜெமியை மலரின் துவாயால் சுற்றி நெஞ்சோடு நிமிர்த்திப் பிடித்தேன். கடைத்தெருவில் லொறி, முச்சக்கரவண்டி, மாடு. றசீத் அந்த ஹோனை அடித்தார். வழிநெடுகக் கையெடுக்காமல் அடித்தார். எல்லாம் விலகின. ஒரு இடத்தில் மட்டும் பொலிஸ்காரரைக் கண்டு கையை எடுத்தார்.

"அடி" என்றேன். "அடி தம்பி, நிப்பாட்டாத."

பக்கத்து ஆசுப்பத்திரியில் உடனே ஒட்சிசன் கொடுத்தார்கள். அங்கிருந்து ஆம்புலன்சில் பெரியாசுப்பத்திரிக்கு. சிறுவர் பிரிவில் ஒரு இளம் பெண் வைத்தியர் விபரம் எழுதினார். எவ்வளவு குடித்தாள், எத்தனை மணிக்கு, சத்தி எடுத்தாளா. இல்லை என்றதும் தலையை ஆட்டினார். "நல்ல வேளை. எடுக்க வைத்திருந்தால் நுரையீரலுக்கு இன்னும் போயிருக்கும்." பிறகு கேட்டார்:

"போத்தலில என்ன இருக்கெண்டு எழுதியிருந்ததா?"

"ஓம். மூன்று மொழியிலும்."

பேனையை நிறுத்தி என்னைப் பார்த்தார். "பிள்ளைக்கு எத்தினை வயசு?"

"மூன்று."

அவர் திரும்பக் குனிந்து எழுதினார். முப்பத்தைந்து வருடத்தில் எனக்கு எழுதப்பட்ட எந்தக் குறிப்பையும் நான் படிக்காமல் விட்டதில்லை. அதைப் படிக்கத் துணியவில்லை.

சுகந்தி வந்தாள். சேலையில் வெண்கட்டித் தூள். நான் எழும்பி, "காலை பத்து மணியளவில்..." என்று தொடங்கினேன்.

"அறிக்கை வேணாம்" என்றாள். "பிள்ளை உசிரோட இரிக்காளா?"

இருந்தாள். ஆனால் புதன்கிழமை காய்ச்சல் ஏறியது. நெஞ்சுப் படத்தில் வலது பக்கம் பனிமூட்டம் போலப் புகார் தெரிந்தது. மூச்சு விடும்போது விலாவெலும்புகள் உள்ளே இழுபட்டன. இன்னும் ஒரு நாள் பார்த்துத்தான் சொல்லலாம் என்றார் வைத்தியர். பிரிவில் தாய்மார் மட்டும்தான் தங்கலாம். பார்வை நேரம் முடிந்ததும் நான் வெளியே வர வேண்டும். விதியை விளங்கிக்கொள்வதில் எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை. வெளிவாங்கில் இருந்தேன். அன்று ஜெபிக்க முயன்றேன், வார்த்தை வரவில்லை. "அனுப்பினாய். இப்ப எடுத்துப்போடாத" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தேன். தூரத்தில் வாவி தெரிந்தது. தோணிகள் வழக்கம்போல போய்வந்தன. அது எனக்குக் கோபத்தைத் தந்தது.

வியாழக்கிழமை காலை, அதே வாங்கில் றசீத் வந்து இருந்தார். கையில் தோடம்பழப் பை.

"காய்ச்சல் எப்பிடி சேர்?"

"கொஞ்சம் குறைஞ்சிருக்கு எண்டு சொல்றாங்க."

"நாங்களும் வீட்டில துவாக் கேட்டம்."

"மீனெல்லாம் என்னானது?" என்றேன். இரண்டு நாளாக அது எனக்கு ஞாபகமே வரவில்லை.

"காகமும் பூனையும் நல்லாச் சாப்பிட்டிரிக்கி" என்று சிரித்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு கடிதத்தை எடுத்தார். பிரதேச சபையின் தலைப்பு. பார்த்தவுடன் தெரிந்தது.

"ஹோன் கேசு. இண்டைக்கித்தான் விசாரணைக்கி வரச்சொல்லி இரிக்கி. நான் போகல்ல. முறப்பாட்டுக்காரர் இஞ்ச ஆசுப்பத்திரி வாங்கில இரிக்காரு. நான் அங்க போய் யாரோட கதைக்கிற?"

கடிதத்தில் என் பெயர் இல்லை. 'பொதுமகன் ஒருவர்' என்றுதான் இருந்தது. எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"'சிறார்தம் துயிலுக்கு ஊறு' எண்டு போட்டிரிக்கி. நம்மட ரோட்டில துயிலுக்கு ஊறு வாறது வேற யாருக்கு சேர்? மத்தவங்கட புள்ளைகள் நித்திரதானே கொள்றாங்க."

மன்னிப்புக் கேட்டேன். நான் அதிகம் பழகாத காரியம். சரியாகச் செய்தேனோ தெரியாது. அவர் கையை அசைத்தார்.

"அது இல்ல சேர். அண்டைக்கி நான் உங்கள்ட்ட கேக்கத்தான் வந்த. புள்ள எத்தின மணிக்கித் தூங்கும் எண்டு ஒரு வார்த்த சொன்னா, நான் ஹோன் அடிக்காமப் போவன்தானே? இதுக்கு என்னத்துக்குப் பதிவுத் தபால்?"

அதனால்தான் செவ்வாய்க்கிழமை ஹோன் அடிக்காமல், இயந்திரத்தை நிறுத்தி, தள்ளிக்கொண்டு வந்திருக்கிறார். என் மகள் தூங்குகிறாள் என்று நினைத்து.

இப்போது என் கணக்கைக் கேளுங்கள். நான் அரச கடிதங்களோடு வாழ்ந்தவன். ஒரு முறைப்பாடு பதிவாகி, கோவை திறந்து, சம்பந்தப்பட்டவருக்கு அழைப்புப் போக மூன்று மாதம் என்பது நியாயமான வேகம். அந்தக் கடிதம் பத்து நாளில் போயிருக்கிறது. திங்கட்கிழமை மாலை அவர் கையில். ஒரு நாள் பிந்தியிருந்தால் செவ்வாய் பத்தேகாலுக்கு றசீத் வழக்கம்போலப் படலைக்கு வெளியே ஹோன் அடித்துவிட்டுப் போயிருப்பார், உள்ளே வந்திருக்க மாட்டார். நான் உப்புத் தண்ணீரை ஊற்றியிருப்பேன். இதைத் தற்செயல் என்கிறவர்களோடு வாதிட மாட்டேன். அவர்கள் அரச அலுவலகத்தில் வேலை செய்திருக்க மாட்டார்கள்.

ஆண்டவர் எனக்கு ஒரு தூதரை அனுப்பவில்லை. நான் யாரை என் படலையடியில் நிற்கக் கூடாது என்று மூன்று பிரதிகளில் எழுதினேனோ, அவரை அனுப்பினார். அனுப்ப என் கடிதத்தையே எடுத்துக்கொண்டார்.

சனிக்கிழமை ஜெமியை வீட்டுக்கு அனுப்பினார்கள். நெஞ்சு முழுமையாகத் தெளிய இன்னும் சில வாரம் எடுத்தது. இப்போது சுகமாக இருக்கிறாள். போத்தலை அன்றே அப்புறப்படுத்தினேன். எழுதி ஒட்டிய மற்றக் காகிதங்களையும் கிழித்தேன். ஆபத்தானது எதுவும் இப்போது பூட்டுக்குள் இருக்கிறது. பூட்டை வாசிக்கத் தேவையில்லை. முறைப்பாட்டை மீளப்பெறப் போனபோது அதற்குப் படிவம் இல்லை என்றார்கள். வாழ்க்கையில் முதல் தடவையாக, படிவமில்லாமல், வாயால் சொல்லிவிட்டு வந்தேன்.

ஜெபமும் மாறியிருக்கிறது. நீளமாகச் செய்கிறவர்களைக் குறை சொல்லவில்லை. நான் இப்போது தேவையானதைச் சொல்லிவிட்டு, படலையைத் திறந்து வைக்கிறேன். உங்களில் யாருக்காவது இன்று ஆபத்து இருந்தால், இந்த வயதான தகப்பன் சொல்கிறேன், கேளுங்கள். ஒழுங்கு வேண்டாம், நல்ல தமிழ் வேண்டாம். அவர் அனுப்புவார். வருகிறவர் உங்களுக்குப் பிடித்தவராக இருப்பார் என்று மட்டும் எதிர்பார்க்காதீர்கள்.

றசீத் சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறார். எங்கள் தெருவில் ஹோன் அடிப்பதில்லை. ஆனால் ஜெமி பத்து மணி நித்திரையை அடியோடு விட்டுவிட்டாள். அவரைக் கண்டதும் படலையில் ஏறி நின்று, "பாம்! பாம்!" என்று அவருடைய ஹோனைத் தன் வாயால் அடிக்கிறாள். நெஞ்சு நிறைய மூச்சை இழுத்து அடிக்கிறாள். அக்கரைக்குக் கேட்கும். நான் விறாந்தையில் கதிரையைப் போட்டுக்கொண்டு, அந்த மூச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஸ்தோத்திரம்.